3218ஆ, 3177ஆ? ஒரு வாசிகசாலைப் பட்டியலைத் திறந்த கதை

ரீச்சர் என்னிடம் தந்தவை இரண்டு. ஒன்று மூடி தொலைந்த பென் டிரைவ், மற்றது மட்டை பிய்ந்த சி.ஆர். கொப்பி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அவர்களுடைய வீட்டு முன்னறைதான் நீண்ட காலம் வாசிகசாலையாக இருந்தது. நடத்தியவர் ரீச்சரின் கணவர். அந்த ஒழுங்கைக்கே அவர் மாஸ்ரர். அவர் காலமாகி இரண்டு வருடம். புத்தகங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ரீச்சர் முடிவெடுத்தபோது, வாங்குகிறவர்கள் கேட்ட முதற் கேள்வி, "பட்டியல் இருக்கிறதா?"

பட்டியல் இருந்தது. மாஸ்ரர் ஒவ்வொரு புத்தகத்தையும் கணினியில் பதிந்திருந்தார். அந்தக் கணினி செத்துப் பல வருடம். அது சாவதற்கு முன் உறவுக்காரப் பொடியன் ஒருவன் புத்தகப் பட்டியல் இருந்த ஃபோல்டரை மட்டும் பென் டிரைவுக்கு எடுத்து வைத்திருந்தான். கொப்பியில் நூல்களின் பெயர் இல்லை. இரவல் கொடுத்த திகதி, திரும்பி வந்த திகதி, வருடக் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை, அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் "மொத்தம் 3177" என்று எழுதி அடியில் இரட்டைக் கோடு.

பழைய கணக்கு முறைகளிலிருந்து புதியவற்றுக்கு டேட்டா மாற்றுவது என் பகல் வேலை. அந்தத் துணிவில், "இரண்டு மணித்தியால வேலை ரீச்சர்" என்று சொல்லிவிட்டேன். ஆறு இரவு போனது.

பலகையை நம்பிப் பஸ் ஏறினால்

ஃபோல்டரில் ஒரு டசின் பைல். எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில் 'நூல்' என்றே பெயர், பின்னொட்டு மட்டும் வேறு வேறு: எம்எஸ்டி, எக்ஸ்ஆர்எஃப், சிஎன்டி, ஐஎஃப்பி, எஃப்டிடி, பிஎஃப்டி என்று ஒரு வரிசை. எனக்கு முன்பே ரீச்சர் இதை பம்பலப்பிட்டியில் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே எம்எஸ்டியை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மென்பொருள் நிறுவும்போது வருகிற துண்டு அன்ரி, இதற்குள் உங்கள் பட்டியல் இல்லை. எல்லாப் புத்தகத்தையும் திரும்ப அடிக்கத்தான் வேணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைக்காரப் பொடியன் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் உலகில் எம்எஸ்டி என்ற பின்னொட்டு உண்மையிலேயே நிறுவல் பொதிகளை மாற்றியமைக்கும் ஒரு பைலுக்கு உரியது. சிஎன்டி என்பது விண்டோஸ் 95 காலத்து உதவிப் பக்கங்களின் பொருளடக்கத்துக்கு உரியது. ஆனால் பின்னொட்டை யாரும் பதிவாளரிடம் எழுதி வாங்குவதில்லை. காலி வீதியில் 100 என்று பலகை போட்ட பஸ் பாணந்துறைக்குப் போகும் என்று நம்பி ஏறுகிறோம். பலகையை மாற்றி மாட்டினால் பஸ் அப்போதும் ஓடும்.

பலகையை விட்டுவிட்டு உள்ளே பார்க்க, பைலின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் வியூவர் ஒன்று போதும். பெரும்பாலான பைல்கள் முதல் சில பைட்டிலேயே தங்களை யார் என்று சொல்லிவிடும். பிடிஎஃப் ஒரு விழுக்காட்டுக் குறியோடும் அந்த மூன்று எழுத்தோடும் தொடங்கும். ஜிப் பைலின் தலையில் பி, கே என்று இரண்டெழுத்து இருக்கும்; அதை உருவாக்கிய பில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. விண்டோஸின் உண்மையான எம்எஸ்டி, பழைய வேர்ட், எக்செல் பைல்களைப் போலவே 208, 207, 17, 224 என்று தொடங்கும். மாஸ்ரரின் எம்எஸ்டி 0, 0, 0, 0 என்று தொடங்கியது. லினக்ஸில் பைல் வகையைச் சொல்லும் கட்டளையிடம் கொடுத்தேன். "டேட்டா" என்று ஒரே சொல்லில் பதில். அதாவது, எனக்கும் தெரியாது போ.

கடை சொன்னது தவறு என்பது நிச்சயமாயிற்று. சரி எது என்பது இன்னும் இல்லை.

இதற்கிடையில் ஒரு திடுக்கிடல். பென் டிரைவில் அதே எம்எஸ்டி இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் 11,46,880 பைட். ஒரே பைல்தான் என்று ஒன்றை அழிக்கக் கை போனது. திகதி மட்டும் வேறாக இருந்ததால் திறந்து பார்த்தேன். ஒன்றின் தலையில் 0, 0, 0, 0. மற்றதன் தலையில் 32, 32, 32, 32. 32 என்பது இடைவெளிக்கான எண். யாரோ பழைய நோட்பேடில் அதைத் திறந்து, ஒன்றும் விளங்காமல் மூடும்போது, "சேமிக்கவா" என்று அது கேட்டதற்கு "ஓம்" சொல்லியிருக்கிறார்கள். சுழியங்கள் எல்லாம் இடைவெளியாகிவிட்டன. அளவு ஒரு பைட்டும் மாறவில்லை, உள்ளே இருந்தது போய்விட்டது. முன்பின் தெரியாத பைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறப்பது தவறல்ல, சேமிப்பதுதான் தவறு. நான் முதலில் செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன்: முழு ஃபோல்டரையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து, எழுத முடியாதபடி பூட்டினேன்.

அச்சு வடிவம் காட்டிக்கொடுத்தது

பெரிய பைல் வாய் திறக்காதபோது சின்னப் பைல்களிடம் கேட்க வேண்டும். இதை நான் அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதுண்டு, எனக்கே மறந்துவிட்டது. எஃப்டிடியும் பிஎஃப்டியும் ஒன்றிரண்டு கிலோபைட். திறந்தால் சாதாரண எழுத்துகள். எஃப்டிடியில் மூன்று நட்சத்திரம் போட்ட ஒரு வரி, அதன் கீழே ஆங்கிலத்தில் தலைப்பு, ஆசிரியர், வெளியீடு, குறிப்பு என்று புலங்களின் பெயர், பக்கத்தில் எண்கள்: தலைப்புக்கு 24, வெளியீட்டுக்கு 26, குறிப்புக்கு 50, ஆசிரியருக்கு 70. ஏன் 1, 2, 3 என்று இல்லாமல் 24இல் தொடங்குகிறது? பிஎஃப்டியில் இன்னும் விநோதம்: 'வி24', 'வி70' என்று துண்டு துண்டாக ஒரு கட்டளை மொழி.

அதைப் படம் பிடித்து, கொழும்பில் நூலகரான ஓர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எழுதிப் பதில் போடப் பொறுமையில்லாமல் கோல் எடுத்தார். "தம்பி, இது ஐசிஸ் எல்லோ! நாங்கள் டிப்ளோமா படிக்கேக்க இந்த வி24ஐ எழுதி எழுதிக் கை உளைஞ்சது. 24 தலைப்பு, 70 ஆசிரியர். யுனெஸ்கோ தந்த மாதிரித் தரவுத்தளத்தில இருக்கிற எண்தான் அது. உங்கட மாஸ்ரர் அதைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்."

ஐசிஸ் என்பது நூலகப் பட்டியல்களை வைத்திருப்பதற்கான ஒரு தரவுத்தள மென்பொருள். அதன் வேர், 1960களின் பிற்பகுதியில் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் நூலகத்துக்காக எழுதிய முறைமையில் இருக்கிறது. யுனெஸ்கோ அதை எடுத்து வளர்த்து, ஜாம்பவோலோ டெல் பிஜியோவின் கையால் சிறு கணினிகளுக்கு ஏற்றதாக்கி 1985இல் வெளியிட்டது. பிறகு விண்டோஸ் பதிப்பும் வந்தது. காசு பெரிதாக இல்லாத நூலகங்களுக்கு அது வரப்பிரசாதம். இலவசம் என்பது மட்டும் காரணமல்ல. அந்தக் காலத்து டிபேஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் தலைப்புக்கு அறுபது எழுத்து என்று முதலிலேயே இடம் ஒதுக்க வேண்டும். புத்தகங்கள் அப்படியா இருக்கின்றன? ஒன்றுக்கு நான்கு ஆசிரியர், இன்னொன்றுக்கு ஆசிரியரே இல்லை, ஒரு மலருக்குத் தலைப்பு மூன்று வரி. ஐசிஸில் புலம் தேவைக்கேற்ப நீளலாம், எத்தனை தடவையும் வரலாம், இல்லாமலும் போகலாம். இந்தத் தாராளம்தான் இன்று அதைத் திறக்கச் சிக்கலாக்குகிறது. ஒரு பதிவு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ண வேண்டும்.

எண்ணிப் பார்த்தது

அக்கா சொன்னதை நம்பினேன். ஆனால் நம்பிக்கையை வைத்துக்கொண்டு டேட்டா மாற்ற முடியாது. ஐசிஸின் உள்ளமைப்பு அதன் கைநூலில் வெளிப்படையாக விவரிக்கப்பட்டது, கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்.

எம்எஸ்டிதான் மூலப் பைல், பதிவுகள் இருக்கும் இடம். அதன் தலையில் ஒரு கட்டுப்பாட்டுப் பதிவு. முதல் நான்கு பைட் எப்போதும் சுழியம். நான் பார்த்த 0, 0, 0, 0 அதுதான். அடுத்த நான்கு பைட், இனி வரப்போகும் புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டிய எண். அந்த இடத்தில் 147, 12, 0, 0 இருந்தது. குறைந்த இடமதிப்புள்ள பைட் முன்னால் வரும் முறை என்பதால் 147ஓடு 12 தடவை 256ஐக் கூட்டினால் 3219. அடுத்த எண் 3219 என்றால் இதுவரை பதிந்தவை 3218.

(நோட்பேட் கைவைத்த பிரதியில் அதே இடத்தில் 147, 12, 32, 32. அந்தக் கணக்கின்படி ரீச்சர் வீட்டு முன்னறையில் 53 கோடியே 89 இலட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் இருந்திருக்க வேண்டும்.)

எக்ஸ்ஆர்எஃப் என்பது சுட்டிப் பைல்: எத்தனையாவது பதிவு மூலப் பைலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது. 512 பைட் கொண்ட கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் நான்கு பைட் கட்டத்தின் எண், மீதியில் நான்கு நான்கு பைட்டாக 127 சுட்டி. 3218 பதிவுக்கு எத்தனை கட்டம்? 25 கட்டத்தில் 3175 அடங்கும், மீதி 43க்கு இன்னொன்று, ஆக 26. 26ஐ 512ஆல் பெருக்கினால் 13,312. எக்ஸ்ஆர்எஃபின் அளவைப் பார்த்தேன். 13,312 பைட். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்த இடத்தில் எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். இரண்டு பைல்கள், ஒன்றை ஒன்று பார்க்காமலே, ஒரே சாட்சி சொல்கின்றன. பஸ்ஸின் பலகையை இனி யார் எப்படி மாற்றினாலும் கவலையில்லை.

அப்புறம் முதலாவது பதிவைக் கையால் வாசித்தேன். ஒவ்வொரு பதிவின் முன்னாலும் 18 பைட் தலைப்பகுதி. அதற்குப் பின் புலத்துக்கு 6 பைட் வீதம் ஓர் அட்டவணை: புல எண், தொடங்கும் இடம், நீளம். அதன் பிறகே எழுத்துகள். தலைப்பகுதியில் புலங்கள் 9 என்றும் எழுத்துகள் 72ஆவது பைட்டில் தொடங்கும் என்றும் இருந்தது. 9ஐ 6ஆல் பெருக்கினால் 54, 18ஐக் கூட்டினால் 72. சரி.

ஆனால் ரீச்சர் சும்மா இருக்கவில்லை. "3218 என்று எப்படித் தம்பி வரும்? கொப்பியில 3177 எல்லோ? அவர் எண்ணிக்கை பிழைக்க மாட்டார்." நாற்பத்தொன்று கூட. அதற்கு என்னிடம் அப்போது விடை இல்லை.

கொழும்பு, ஏழு பைட்டில்

முதலாவது பதிவின் 26ஆம் புலத்துக்கு வந்தேன். 94, 97 என்று தொடங்கியது: ஒரு கூரைக்குறி, அடுத்து சின்ன ஏ. ஐசிஸில் உட்புலம் தொடங்கும் விதம் அது; ஏ என்றால் வெளியிட்ட ஊர், பி என்றால் பதிப்பகம், சி என்றால் ஆண்டு. ஊருக்கு உரிய இடத்தில் இருந்தவை 110, 102, 104, 79, 107, 59, 71. ஆங்கில எழுத்தாகப் படித்தால் என், எஃப், எச், பெரிய ஓ, கே, ஓர் அரைப்புள்ளி, பெரிய ஜி.

இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்து வளர்ந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பாமினி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. என் என்றால் ஒற்றைக் கொம்பு, எஃப் என்றால் க, எச் என்றால் கால், பெரிய ஓ ழு, கே ம, அரைப்புள்ளி என்றால் புள்ளி, பெரிய ஜி பு. கொழும்பு. பக்கத்தில் வீரகேசரி, ஆண்டு 1974. ஹெக்ஸ் திரையில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது நல்ல தமிழ்தான். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டாலும், மாஸ்ரர் கணினியில் அவர் விரலுக்குப் பழகியது பாமினிதான்.

ஆக, பூட்டு ஒன்றல்ல, இரண்டு. ஐசிஸைத் திறந்தாலும் உள்ளே பாமினி. பைல் வகை தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது கதவில் முட்டிக்கொள்வார்கள், நானும் முட்டினேன்.

மூலப் பைலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வரிசையாக வாசிக்கும் சின்ன நிரலை பைத்தானில் எழுதினேன். 3400க்கும் மேல் பதிவு வந்தது. ஒரே புத்தகம் இரண்டு தரம், ஒன்றில் ஆண்டு இல்லை, மற்றதில் இருக்கிறது. பதிவு ஒன்றைத் திருத்தி அது நீண்டுவிட்டால், ஐசிஸ் புதியதைப் பைலின் கடைசியில் எழுதிவிட்டுச் சுட்டியை மட்டும் அங்கே திருப்பிவிடும். பழையது கிடந்த இடத்திலேயே கிடக்கும். எது இன்றையது என்பது எக்ஸ்ஆர்எஃபுக்குத்தான் தெரியும். அதன் சுட்டிகளைப் பின்தொடரும்படி நிரலை மாற்றினேன். பிரேசிலின் சாவோ பாவுலோவில் உள்ள பிரேமே என்ற சுகாதாரத் தகவல் நிலையத்தார் ஐசிஸ் பைல்களுக்கென்றே எழுதிய எம்எக்ஸ் என்ற கருவியிலும் ஓட்டி, இரண்டு வெளியீட்டையும் ஒப்பிட்டேன். ஒத்துவந்தது. நேரே எம்எக்ஸையே எடுத்திருக்கலாமே என்றால், எடுத்திருக்கலாம். ஆனால் கருவி தருவது சரியா என்று கேட்க, கையால் வாசித்த சில பதிவாவது இருக்க வேண்டும்.

இகரம் விழுந்த இரவு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எக்செலில் திறக்கும் பைலாக எழுதினேன். மேற்கோள் குறி போட அலுப்பு. திறந்தால், நூற்றுக்கணக்கான வரிகளில் பத்திகள் இடம் மாறிக் கிடந்தன. தலைப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமை, ஆசிரியர் பத்தியில் 'லங்கை'. இன்னொரு வரியில் 'லக்கியம்'. இன்னொன்றில் 'ந்து'.

பாமினியில் காற்புள்ளி விசைதான் இ! இலங்கை, இலக்கியம், இந்து என்று தொடங்கும் ஒவ்வொரு தலைப்பையும் என் நிரல் முதலெழுத்திலேயே வெட்டிப் பிரித்திருந்தது. சில நாடுகளில் எக்செல் அரைப்புள்ளியால் பிரிக்கும்; அப்படிச் செய்திருந்தால் தமிழின் புள்ளி அத்தனையும் போயிருக்கும். டாப் விசை தரும் இடைவெளிக் குறியால் பிரித்து மீண்டும் எழுதினேன்.

அடுத்தது எழுத்து மாற்றம். பாமினியில் எச் என்பது கால், எச்சோடு அரைப்புள்ளி சேர்ந்தால் ர். எச்சை முதலில் மாற்றிவிட்டு அரைப்புள்ளிக்கு வந்தால் 'பாரதியார்' என்பதன் கடைசி ர், புள்ளி வைத்த காலாகிவிடும். இணையத்தில் பழைய கட்டுரைகளில் 'கூறினாா்', 'அவா்' என்று கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து தேடலில் அகப்படாத சொற்கள் கிடக்கின்றனவே, அந்தக் கோலம்தான். நீளமான சேர்க்கையை முதலில், தனியெழுத்தைக் கடைசியில் என்று வரிசைப்படுத்த வேண்டும். கொம்புகளும் பாமினியில் மெய்க்கு முன்னால் நிற்கும். வீரகேசரியில் முதலில் ஏகாரக் கொம்பு, பிறகுதான் க. யூனிகோடில் அது பின்னால் போக வேண்டும்.

மாஸ்ரரிடம் ஆங்கிலப் புத்தகங்களும் நிறைய. அவை சாதாரண ஆங்கிலமாகவே பதிந்திருந்தன, எது எந்த மொழி என்ற அடையாளம் எங்கும் இல்லை. நிரல் எல்லாவற்றையும் பாமினி என்று எண்ணி மாற்றியபோது 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல் 'ஊநலடழ' என்றாகி, கடைசியில் ஓர் ஒற்றைக் கொம்பு வீடில்லாமல் தொங்கியது. தமிழ் நாலு சொல் தொடர்ந்தால் எங்காவது ஒரு மெய்யெழுத்து வந்தே தீரும். ஆகவே சொல்லின் நடுவில் அரைப்புள்ளி இருந்தால் தமிழ் என்று விதி வைத்தேன். 'கவிதை', 'நீதி' மாதிரிப் புள்ளியே இல்லாத சின்னத் தலைப்புகள் தப்பிவிட்டன. அவற்றை ரீச்சரே பக்கத்தில் இருந்து பார்த்துச் சொன்னார், பெரும்பாலும் அலுமாரியின் எந்தத் தட்டு என்பதையும் சேர்த்து. சிங்களப் புத்தகங்கள் சில வேறொரு பழைய எழுத்துருவில் இருந்தன. அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர் மதிய இடைவேளையில் அவற்றை வாசித்துத் தந்தார்.

நாற்பத்தொன்று

சுட்டிகளை வாசித்தபோது சில எண்கள் எதிர்க்குறியோடு வந்ததை முதலில் நான் கவனிக்கவில்லை. நிரல் அவற்றைப் பிழை என்று தாண்டிப் போயிருந்தது. ஆறாம் இரவு கடைசி எண்ணிக்கையைப் பார்த்தால் 3177. தாண்டிப் போனவை 41.

ஐசிஸில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே அழிவதில்லை. சுட்டிக்கு எதிர்க்குறி விழும், பதிவில் அழிக்கப்பட்டது என்று ஒரு குறி ஏறும், அவ்வளவுதான். குறியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் புத்தகம் பழைய இடத்திலேயே இருக்கும். அப்படிப் பார்த்தேன். நாற்பத்தொன்றும் முழுதாகக் கிடைத்தன. ஒவ்வொன்றின் 50ஆம் புலத்திலும், குறிப்பு எழுதும் இடத்தில், ஒரு பெயரும் ஒரு திகதியும்.

ரீச்சருக்கு முழுப் பட்டியலையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். 3177 என்றதும் கொப்பியை எடுத்து இரட்டைக் கோட்டைக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அழித்தவற்றைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன்: மாஸ்ரரே வேண்டாம் என்று எடுத்தவை, நூலகத்துக்குக் கொடுக்கும் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் நிதானமாக வாசித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார்.

"சேர்க்க வேண்டாம் தம்பி. ஆனால் இதை வேறாக ஒரு தாளில பெரிய எழுத்தில அடிச்சுத் தா," என்றார். "இதில பாதிப் பேர் இன்னும் இந்த ஒழுங்கையிலதான் இருக்கினம்."